நாய்க்குட்டிக்கு முன்னால் எதிர்வீடு: தனியாகக் குடிவந்தவருக்கு ஒரு வழிகாட்டி

புது இடத்தில் தனியாகக் குடியேறியவர்களுக்கு ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் அந்த யோசனை வந்துவிடும். பெட்டியெல்லாம் பிரித்து அடுக்கியாகிவிட்டது. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், காலையில் நாற்காலியில் போட்ட துண்டு போட்ட மடிப்புக் கலையாமல் அப்படியே கிடக்கிறது. நாள் முழுக்க இந்த வீட்டில் எதுவும் அசையவில்லை என்று அதைப் பார்த்தாலே தெரிகிறது. ஒரு நாய் இருந்தால் நன்றாக இருக்குமே என்று அப்போது தோன்றும்.

நன்றாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித் தோன்றி, அந்த வார இறுதியிலேயே போய் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்போது எங்கள் கட்டடத்தில் ஒருவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால் பட்ட பாட்டைப் பின்னால் சொல்கிறேன். தனியாக இருப்பவர் ஓர் உயிரை வளர்க்க வேண்டுமானால் இன்னொரு வீட்டின் உதவி கட்டாயம் வேண்டும். அந்த வீட்டோடு பேச்சுக் கொடுக்க அந்த உயிரே சாக்காகவும் அமையும். ஆனால் எதை முதலில் செய்வது என்பதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறோம். நான் தலைகீழாகச் செய்ததைத் திருத்தி, சரியான வரிசையில் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதல் மாதம்: பெயர்கள் மட்டும்

முதல் ஒரு மாதம் பிராணி எதுவும் வேண்டாம். அந்த மாதத்தின் வேலை, உங்கள் மாடிப்படியைப் பயன்படுத்தும் மனிதர்களின் பெயர்களைத் தெரிந்துகொள்வது.

இதற்கு நீங்கள் கலகலப்பான ஆளாக இருக்க வேண்டியதில்லை. சரியான இடத்தில் நின்றால் போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் திருமணமான மாணவர்களுக்கான குடியிருப்பு ஒன்றை லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 1950-ல் வெளியிட்டார்கள். யாருக்கு யார் நண்பரானார் என்று பார்த்தபோது, குணமோ ரசனையோ தீர்மானித்ததைவிடக் கதவுகளுக்கு இடையிலான தூரம் தீர்மானித்தது அதிகம். அடுத்த கதவுக்காரர் நண்பராகும் வாய்ப்பு, நாலு கதவு தள்ளி இருப்பவரைவிட மிகக் கூடுதல். படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மேல் மாடியிலும் நண்பர்கள் இருந்தார்கள். காரணம், மேலே போகிறவர்கள் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆக, எல்லோரும் கடக்கும் இடத்தில் தினமும் ஒரே நேரத்தில் தென்படுங்கள். லிஃப்ட் வாசல், தபால் பெட்டி, குப்பை போடும் இடம், வண்டி நிறுத்துமிடம். முதல் வாரம் தலையசைப்பு, இரண்டாம் வாரம் ஒரு வார்த்தை. மூன்றாம் வாரம் ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். கொடுப்பதைவிடக் கேட்பது நல்லது என்பது என் அனுபவம். இனிப்போடு போய்க் கதவைத் தட்டினால், பதிலுக்கு நாம் என்ன கொடுப்பது என்று அவர்களுக்கு ஒரு சங்கடம். ஸ்க்ரூ டிரைவர் இருக்குமா என்று கேட்டால் அந்தச் சங்கடம் இல்லை. தவிர, திருப்பிக் கொடுக்க இன்னொரு முறை போயாக வேண்டும், அது இரண்டாவது சந்திப்பு.

பெயர் தெரிந்ததும் எழுதி வையுங்கள். நான் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். பெயரோடு இந்த விவரங்களும் கிடைத்தால் குறித்துக்கொள்ளுங்கள்: யாருக்கு இரவு வேலை, யார் வீட்டில் கைக்குழந்தை, யாருக்கு நாய் என்றால் பயம், யாருக்கு ஆஸ்துமா. இந்த நான்கும் பின்னால் வரப்போகும் சண்டைகளில் பாதியைத் தடுக்கும்.

இரண்டாவது: உங்களையே ஒரு தடவை கணக்குப் பாருங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாடகை வீடு என்றால் பிராணி வளர்க்கலாம் என்ற அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் பரவாயில்லை" என்று வாயால் சொன்னது, வீட்டு உரிமையாளர் மாறியதும் காற்றோடு போய்விடும். ஒரு நாளில் வீடு எத்தனை மணி நேரம் பூட்டிக் கிடக்கிறது என்று ஒரு வாரத்துக்கு நேர்மையாக எழுதிப் பாருங்கள். உணவுச் செலவைவிட மருத்துவச் செலவுதான் திடீரென்று வந்து நிற்கும், அதற்கென்று மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

அப்புறம் ஆயுள். நாய் 10 முதல் 13 ஆண்டு, சின்ன இனங்கள் இன்னும் கூட. வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை 15 ஆண்டைத் தாண்டுவது சாதாரணம். இன்றைக்கு இருக்கும் வேலையும் வீடும் 15 ஆண்டு கழித்து இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. பிராணியையும் கூட்டிக்கொண்டு போவேன் என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது: எந்தப் பிராணி

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் கண்ணைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

குட்டி நாய் அழகுதான். ஆனால் அது சிறுநீரை அடக்கும் நேரம், வயது மாதத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. இரண்டு மாதக் குட்டி என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே, இரவிலும். தனியாக வேலைக்குப் போகிறவருக்கு இது கட்டுப்படியாகாது. காப்பகத்திலிருந்து இரண்டு மூன்று வயதான நாயை எடுப்பது எவ்வளவோ மேல். அதன் குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். தனியாக இருக்குமா, குழந்தைகளைப் பார்த்தால் என்ன செய்யும் என்று அங்கே பராமரிப்பவர்களிடமே கேட்கலாம். குட்டிதான் வேண்டும் என்றால் எட்டு வாரம் ஆவதற்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டியை வாங்காதீர்கள். கடிக்கும் அளவு எது, விளையாட்டு எது என்பதைத் தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும்தான் அது கற்றுக்கொள்கிறது.

பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கும், அதனால் வேலைக்குப் போகிறவருக்குத் தோதானது. பூனைக்கு ஆள் வேண்டாம் என்பது மட்டும் தப்பான பேச்சு. குட்டியாக எடுத்தால் சேர்ந்து பிறந்த இரண்டை எடுங்கள். ஒன்றையொன்று களைப்பாக்கும், உங்கள் திரைச்சீலை பிழைக்கும்.

மீன் சுலபம் என்று நினைத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்க மீன் வாங்கி, பத்து நாளில் இழந்தவர்கள் ஏராளம். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா புதுத் தொட்டியில் உருவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டியை முதலில் அமைத்து, அது பதமான பிறகுதான் மீன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் தங்க மீன் பத்தாண்டுக்கு மேல் வாழும் என்பதைக் கிண்ணத்தில் வைத்துக் கொடுக்கும் கடைக்காரர் சொல்ல மாட்டார். கினிப்பன்றியும் முயலும் கூட்டமாக வாழ்பவை, ஒன்றை மட்டும் வளர்ப்பது அதற்குத் தண்டனை. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கினிப்பன்றியை ஒற்றையாக வளர்ப்பது சட்டப்படியே குற்றம். தனிமைக்கு மருந்து தேடி ஒரு பிராணியைத் தனிமையில் அடைத்து வைப்பது என்ன நியாயம்? பறவை வளர்க்க நினைத்தால், ஒட்டாத பூச்சுள்ள வாணலி அளவுக்கு மீறிச் சூடாகும்போது கிளம்பும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு பிறகு முடிவெடுங்கள்.

மனிதர்களோடு பழக்கம் வேண்டும் என்பதும் உங்கள் எண்ணத்தில் இருந்தால் நாய்தான் முதலிடம். அது உங்களைத் தினமும் இரண்டு முறை வீட்டைவிட்டு வெளியே இழுக்கும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் மூன்று அமெரிக்க நகரங்களிலும் எடுத்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், பிராணி வளர்ப்பவர்கள் தங்கள் பகுதியில் புதிதாக ஆட்களைத் தெரிந்துகொண்டிருக்கும் வாய்ப்பு, வளர்க்காதவர்களைவிட அதிகமாக இருந்தது.

ஒரு சின்ன எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பிராணி வளர்த்தால் ஆயுள் கூடும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் 1980-ல் எரிகா ஃப்ரீட்மன் குழு வெளியிட்ட ஆய்வைத்தான் காட்டுவார்கள். இதயநோய் பிரிவில் சேர்க்கப்பட்ட 92 பேரை ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். பிராணி வளர்த்த 53 பேரில் 3 பேரும், வளர்க்காத 39 பேரில் 11 பேரும் இறந்திருந்தார்கள். வியப்பான வித்தியாசம்தான். ஆனால் சிறிய கூட்டம், அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. நாயை மாத்திரையாக நினைத்து வாங்காதீர்கள். நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடலிலும் பாசத்தோடு தொடர்புள்ள ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள். மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லை. உங்கள் மடியில் தலை வைத்து அண்ணாந்து பார்க்கும்போது ஏதோ நடக்கிறது என்று தோன்றுமே, அது வெறும் பிரமை இல்லை.

நான்காவது: வருவதற்கு முன்பே சொல்லுங்கள்

பிராணி வருவதற்கு ஒரு வாரம் முன்பு, உங்கள் தளத்திலும் நேர் மேலும் நேர் கீழும் உள்ள வீடுகளில் போய்ச் சொல்லுங்கள். அனுமதி கேட்பதுபோல் வேண்டாம், தகவலாகச் சொன்னால் போதும்: "அடுத்த வாரம் ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். முதல் சில நாள் சத்தம் இருக்கலாம். தொந்தரவாக இருந்தால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள், இதுதான் என் எண்." கடைசி வாக்கியம்தான் முக்கியம். எண் கையில் இருப்பவர் உங்களைக் கூப்பிடுவார். இல்லாதவர் குடியிருப்புச் சங்கத்துக்கு எழுதுவார்.

வீட்டில் எதை எடுத்து வைப்பது? சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சர்க்கரையில்லாச் சூயிங்கம் எல்லாம் நாய்க்கு ஆபத்து. பூனை இருக்கும் வீட்டில் லில்லிப் பூ கூடவே கூடாது. மேலே படிந்த மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். நம் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. நாய்க்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் அதைப் பூனைமேல் தடவவே கூடாது. இந்தப் பட்டியலை உங்களுக்காக மட்டும் சொல்லவில்லை. நாளைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை அன்போடு ஒரு துண்டு சாக்லேட் நீட்டும்போது ஏன் வேண்டாம் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லவும் வேண்டும்.

ஐந்தாவது: முதல் நாட்கள்

காப்பகத்தில் வேலை செய்பவர்களிடம் 3-3-3 என்று ஒரு கணக்கு உண்டு. மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டின் பழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில்தான் இது என் இடம் என்று தோன்றும். எல்லாப் பிராணிக்கும் அச்சாகப் பொருந்தாது, ஆனால் அவசரப்படாமல் இருக்க உதவும். முதல் மூன்று நாள் யாரையும் வரவேற்க வேண்டாம். பார்க்க ஆசைப்படும் அக்கம்பக்கத்தாரிடம் அடுத்த வாரம் என்று தேதி சொல்லிவிடுங்கள்.

பூனைக்கு முதலில் ஒரே ஒரு அறை. அதில் மலம் கழிக்க மண் தட்டு ஒரு மூலையில், சாப்பாடு எதிர் மூலையில், ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி. மண் தட்டின் எண்ணிக்கை, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். தினமும் சுத்தம் செய்யுங்கள்; டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வந்தாலும், தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். கர்ப்பிணிகள் அந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுவது நல்லது. பூனை கட்டிலுக்கு அடியிலிருந்து பார்த்தால், நீங்கள் மெதுவாகக் கண்ணை மூடித் திறந்து காட்டுங்கள். அதுவும் திருப்பிச் செய்தால் பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது என்று பொருள். ஒரு நாளுக்கு மேல் எதுவும் தின்னாமல் இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

முதல் வாரத்துக்குள் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். குட்டிகளுக்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் 16 வாரம் வரை போகும். ரேபிஸ் தடுப்பூசி பொதுவாக மூன்று மாத வயதில். குடற்புழு மருந்து, கருத்தடை அறுவை சிகிச்சை, அடையாளத்துக்காகத் தோலுக்கு அடியில் வைக்கும் மைக்ரோசிப் மூன்றையும் அப்போதே பேசிவிடுங்கள். சிப்பில் இருப்பது 15 இலக்க எண் மட்டும்தான், அது இருக்குமிடத்தைக் காட்டாது. அந்த எண்ணோடு உங்கள் கைபேசி எண்ணைப் பதிந்து வைத்தால்தான் பயன். தடுப்பூசி அட்டையைப் படமெடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள், லிஃப்டில் யாராவது கேட்பார்கள்.

ஆறாவது: தனியே விட்டுப் போவது

நான் சொல்கிறேன் என்றேனே, அந்தக் கதை இங்கே வருகிறது.

குட்டி வந்து ஒன்பதாவது நாள் மாலை. நேர் கீழ்வீட்டில் இருக்கும் பெண்மணி என் கதவைத் தட்டினார். அதுவரை படியில் பார்த்ததோடு சரி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தம்பி, நீங்க கிளம்பினதும் அது கதவுகிட்ட உக்காந்து அழ ஆரம்பிக்குது. ஒரு மணி நேரம் விடாம. எனக்கு நைட் டியூட்டி, பகல்லதான் தூங்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கிளம்பும்போது அது அமைதியாகத்தான் வாலாட்டிக்கொண்டு நிற்கும். மன்னிப்புக் கேட்டேன், நாளையே ஏதாவது செய்கிறேன் என்றேன், என்ன செய்வதென்று தெரியாமலே. அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

"பேர் என்ன?"

என் பெயரைச் சொன்னேன்.

"உங்க பேர் இல்லப்பா, அதோட பேர்."

"மணி."

"காலைல நீங்க போறப்ப மணிய எங்க வீட்ல விட்டுட்டுப் போங்க. கட்டிலுக்குக் கீழ படுத்துக்கட்டும். ரெண்டு பேரும் தூங்கலாம்."

அப்படித்தான் அவர் எனக்கு அக்கா ஆனார். எல்லோருக்கும் இப்படி அமையாது, அடுத்த ஆளாக இருந்தால் காவல் நிலையத்துக்குப் போயிருப்பார். அதனால் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

நாய்க்கு நீங்கள் போவது வாசலில் தொடங்குவதில்லை. சாவியை எடுக்கும் சத்தத்தில், செருப்பை மாட்டும்போதே தொடங்கிவிடுகிறது. சாவியை எடுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்காருங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடங்கள். ஒரு நாளில் பத்து முறை இப்படிச் செய்தால் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் போய்விடும். பிறகு கதவுக்கு வெளியே அரை நிமிடம். அப்புறம் ஒன்று, மூன்று, ஐந்து, பத்து நிமிடம். அது பதறத் தொடங்கும் முன்பே திரும்பி வந்துவிட வேண்டும், அழுகிறதே என்று ஓடி வந்தால் அழுதால் வருவார் என்று கற்றுக்கொள்ளும். போகும்போது கட்டிப்பிடித்து விடைபெறும் நாடகம் வேண்டாம். வரும்போதும் அப்படித்தான், அது ஒரு நிமிடம் அடங்கிய பிறகு கொஞ்சுங்கள். பழைய கைபேசி இருந்தால் பதிவு செய்ய வைத்துவிட்டுப் போங்கள், நீங்கள் இல்லாதபோது உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரியும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நல்ல நடை. களைத்த நாய் தூங்கும். வளர்ந்த நாயைக்கூட நாலு மணி நேரத்துக்கு மேல் தனியாக விடாமல் இருப்பது நல்லது என்பார்கள். அந்த இடைவெளியை நிரப்பத்தான் எதிர்வீடு.

ஏழாவது: நடை

மனிதர்களைச் சேர்ப்பது இந்த நடைதான். ஒரே நேரம், ஒரே பாதை. காலையில் ஆறரை என்றால் ஆறரை. நேரம் மாறிக்கொண்டே இருந்தால் தினமும் புது முகங்கள்தான். மாறாமல் இருந்தால் பத்தாவது நாளில் எதிரில் வரும் ஐந்தாறு பேர் உங்களை எதிர்பார்க்க ஆரம்பிப்பார்கள்.

ஒரு விசித்திரத்தை எதிர்பாருங்கள். எல்லோருக்கும் நாயின் பெயர் தெரிந்திருக்கும், உங்கள் பெயர் தெரியாது. என்னை ஓராண்டுக்கு மேல் "மணிக்காரர்" என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான், "வெள்ளைப் பொமரேனியன்காரம்மா" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கேயே நின்றுவிட்டால் அது நாய்களின் நட்பாக மட்டும் போய்விடும். அதனால் எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஒரு நாயின் பெயரைத் தெரிந்துகொண்டால், மறுமுறை பார்க்கும்போது வளர்ப்பவரின் பெயரையும் கேட்டுவிட வேண்டும். "இத்தனை நாளாப் பார்க்கிறோம், உங்க பேரைக் கேட்கவே இல்ல" என்றால் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

நடையில் சில ஒழுங்குகள். லிஃப்டில் கயிற்றைக் குறுக்கிப் பிடித்து, நாயை மூலைப் பக்கம் நிறுத்தி நடுவில் நீங்கள் நில்லுங்கள். உள்ளே இருப்பவர் முகம் சுருங்கினால் அடுத்த லிஃப்டில் போங்கள். "ஒண்ணும் பண்ணாதுங்க" என்ற வாக்கியத்தை மறந்துவிடுங்கள். பயப்படுகிறவருக்கு அது ஆறுதல் இல்லை. உங்கள் பயம் பொய் என்று சொல்வதுபோல் இருக்கும். விலகி நின்றால் அதுவே போதும். கழிவை எடுக்க எப்போதும் இரண்டு பை, ஒன்று எப்படியும் கிழியும். வெயில் நேரத்தில் தரையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

தொட ஆசைப்படும் குழந்தை வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து முறையைக் காட்டுங்கள்: முதலில் வளர்ப்பவரிடம் கேட்க வேண்டும், கையை முகர விட வேண்டும், தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் தோளிலோ மார்பிலோ தடவ வேண்டும், தின்னும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது. இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். பெற்றோர் நின்று பார்ப்பார்கள், அந்த ஐந்து நிமிடத்தில் பேச்சும் தானாக வரும்.

எட்டாவது: சாவியும் ஒரு தாளும்

ஆறு மாதத்துக்குள் உங்கள் வீட்டுச் சாவி குறைந்தது ஒருவரிடமாவது இருக்க வேண்டும், இரண்டு பேரிடம் என்றால் இன்னும் நல்லது. தனியாக இருப்பவர் வழுக்கி விழுந்து மருத்துவமனையில் சேர்ந்தால், உள்ளே ஓர் உயிர் பசியோடு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பணப்பையிலும் ஒரு சீட்டு வையுங்கள்: வீட்டில் நாய் இருக்கிறது, இந்த எண்ணைக் கூப்பிடவும்.

சாவி கொடுத்தால் சாவி வாங்குவதும் நடக்கட்டும். அவர்கள் ஊருக்குப் போனால் செடிக்குத் தண்ணீர், தபால், மீன் தொட்டி. ஒரு பக்கமாகவே உதவி போனால் ஒரு நாள் கசக்கும்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள். என்னுடையதில் இருப்பது இவ்வளவுதான்:

மணி. காலை ஏழு, மாலை ஏழு, ஒரு கிண்ணம், அதற்கு மேல் கெஞ்சினாலும் கிடையாது. மாத்திரை இடது இழுப்பறையில், பாதி மட்டும். இடி இடித்தால் குளியலறையில் ஒளிந்துகொள்ளும், இழுக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். மருத்துவர் எண். என் தங்கை எண். செலவு செய்ய நேர்ந்தால் கேட்காமல் செய்யுங்கள், நான் கொடுத்துவிடுகிறேன்.

கடைசி வரியைக் கட்டாயம் எழுதுங்கள். அது இல்லாததால் நடுராத்திரியில் தயங்கி நின்றவர்களை எனக்குத் தெரியும்.

சிக்கல் வந்தால்

வரும். குரைப்பு, முடி, படியில் ஈரம். முதல் புகாருக்கு விளக்கம் சொல்லாதீர்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குறித்துக்கொள்வதைப் பார்த்தாலே பாதிக் கோபம் இறங்கும். ஒரு வாரம் கழித்து நீங்களே போய் இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

நாய் யாரையாவது கடித்தாலோ பல் பட்டுக் கீறினாலோ, யார் தப்பு என்ற பேச்சு பிறகு. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரத்தைப் பார்த்து. பிறகு உடனே மருத்துவரிடம். தடுப்பூசி போட்ட நாய்தான் என்று சொல்லி நிறுத்திவிடாமல் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். முடிவை மருத்துவர் எடுக்கட்டும். ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்த பின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். கூடவே போய் மருத்துவமனையில் உட்கார்ந்திருங்கள், செலவையும் நீங்களே கொடுங்கள்.

வளர்க்க முடியாதவர்கள்

ஒவ்வாமை, வாடகை ஒப்பந்தம், அடிக்கடி பயணம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். நீங்களும் இந்த வட்டத்துக்கு வெளியே இல்லை. மூட்டுவலியோடு நாயை நடத்திக்கொண்டு போகும் பெரியவர் எந்தக் குடியிருப்பிலும் ஒருவர் இருப்பார். "சாயங்காலம் நான் கூட்டிக்கிட்டுப் போகட்டுமா?" என்று கேளுங்கள். முதல் வாரம் அவரும் கூட வருவார், உங்களைச் சோதிக்க. அதில்தான் நிறையப் பேசுவீர்கள். காப்பகங்களும் சில வாரங்களுக்கு மட்டும் பிராணியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக, அது போன பிறகு

இதை வழிகாட்டிகளில் யாரும் எழுதுவதில்லை. மணி பதிமூன்று ஆண்டு இருந்தது. கடைசி ஒரு மாதம் அதைத் தூக்கிக்கொண்டு படி இறங்க அக்காவின் மகன் வந்தான். நான் குடிவந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன்.

போன பிறகு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அக்கம்பக்கத்துக்கு நீங்களே ஒரு தடவை சொல்லிவிடுங்கள். நேரில் முடியாவிட்டால் இரண்டு வரிச் செய்தி. இல்லாவிட்டால் "எங்க மணி, இன்னைக்கு வரலையா?" என்ற கேள்விக்குத் தெருவில் இருபது முறை பதில் சொல்ல வேண்டியிருக்கும். நான் சொல்லாமல் விட்டேன், ஏழாவது முறைக்கு மேல் என்னால் முடியவில்லை. மிச்சமிருக்கும் உணவையும் படுக்கையையும் உடனே தூக்கிப் போடாதீர்கள், ஒரு மாதம் கழித்துக் காப்பகத்துக்குக் கொடுக்கலாம். அடுத்த குட்டியைப் பற்றி அன்பாக யார் பேசினாலும், சரி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நடையை மட்டும் நிறுத்த வேண்டாம். கயிறு இல்லாமல் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று முதல் சில நாள் தெரியாது, பையில் விட்டுக்கொள்ளுங்கள். அதே ஆறரை, அதே பாதை. மூன்றாவது திருப்பத்தில் வெள்ளைப் பொமரேனியன் வரும். அது உங்கள் காலுக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்தை முகர்ந்து பார்க்கும், அதை வளர்க்கும் அம்மா கயிற்றைச் சற்றுத் தளர்த்திவிட்டு நிற்பார்.